ஒரே கம்பியில் ஐந்து போன்கள்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். பத்திரிகைக்கு எழுதும் தகுதி எனக்கு இருப்பதாக நினைக்கவில்லை. நாலு பேர் முன்னால் பேசக்கூட வராது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் பிற்பாதி. தேவிகுளத்துக்கு அப்பால் ஒரு தேயிலை எஸ்டேட். அம்மாவும் அக்காவும் கொழுந்து பறிக்கப் போவார்கள். எனக்கு மட்டும் ஆபீஸில் டெலிபோன் போர்டு பார்க்கும் வேலை கிடைத்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து ஆபீஸுக்குள் உட்காரப் போன முதல் பெண் நான்தான்.

எஸ்டேட்டுக்குள் ஒரே கம்பிதான். ஃபாக்டரி, ஆஸ்பத்திரி, ஸ்டோர், மேல் டிவிஷன், கீழ் டிவிஷன், ஐந்து இடத்துப் போனும் அதில்தான் தொங்கும். ஒருவர் கைப்பிடியைச் சுற்றினால் எல்லா இடத்திலும் மணி அடிக்கும். மழைக்காலத்தில் வேறு பொழுதுபோக்கு ஏது? மூணாறு ரோட்டில் மண் சரிந்ததா, பஸ் வந்ததா என்று தெரிந்துகொள்ள, தனக்கு வராத போனையும் எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். அதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. ஆனால் ஆள் கூடக் கூடக் கம்பியில் குரல் மெலிந்துவிடும். மேனேஜர் பேசும்போது, "லைன்ல இருக்கவங்க வைங்க" என்று நான்தான் சொல்ல வேண்டும். டக் டக்கென்று வைப்பார்கள், குரல் தெளியும்.

வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களில் அந்தக் குரல் வந்தது. வாயில் துணியை வைத்துப் பேசுவது போல இருந்தது. "பச்சை ரிப்பன் நல்லாருக்கு" என்றான். அன்று நான் பச்சை ரிப்பன்தான் கட்டியிருந்தேன். அடுத்து அவன் சொன்னதை இங்கே எழுத முடியாது.

மணி அடிப்பது தெரியுமே தவிர, ஐந்தில் எங்கிருந்து என்று தெரியாது. தினமும் வந்தான். என்னைத் தினமும் பார்க்கிறவன் என்பது மட்டும் புரிந்தது. அதன் பிறகு எனக்கு எல்லா ஆண்களும் அவனாகத்தான் தெரிந்தார்கள். ஃபாக்டரி டீ மேக்கர் தொண்டையைக் கனைத்தால் உற்றுக் கேட்பேன். ஸ்டோர்க்காரர் அரிசி அளந்து போடும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் வாயைப் பார்ப்பேன். மருந்து கொடுக்கும் கம்பவுண்டர், அண்ணனோடு சீட்டாட வருகிறவர் என்று ஒருவரையும் விடவில்லை. வீட்டில் சொன்னால் அன்றோடு வேலை போய்விடும்.

ஒரு நாள் பயத்தில் மணியை எடுக்கவில்லை. அது மேல் டிவிஷனில் பிரசவ வலியில் கிடந்த பெண்ணுக்கு ஜீப் கேட்டு வந்த போன். திரும்பவும் அடித்தார்கள், எடுத்தேன், தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஹெட் கிளார்க் கூப்பிட்டு விசாரித்தபோது அழுதுகொண்டே காரணத்தைச் சொன்னேன்.

"நீ சிரிச்சுப் பேசாமலா ஒருத்தன் தெனமும் கூப்பிடுவான்?" என்றார். இன்னொரு தடவை எடுக்காமல் விட்டால் கூடையைத் தூக்கிக்கொண்டு உன் அம்மாவோடு மலையேறு என்றும் சொன்னார்.

மறுபடி அவன் பேசிய மத்தியானம்தான் ஒன்றைக் கவனித்தேன். அவன் குரல் முதலில் உரக்க இருந்தது, பேசப் பேச மெலிந்தது. இத்தனை நாளும் அவனே குரலைத் தாழ்த்துகிறான் என்றுதான் நினைத்திருந்தேன். ஆள் கூடினால்தானே கம்பியில் குரல் மெலியும்! மற்ற இடங்களில் எடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நாள் இல்லை, தினமும்.

எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. "லைன்ல எல்லாரும் இருக்கீகன்னு எனக்குத் தெரியும். இது யாரு குரல்னு உங்கள்ல ஒருத்தருக்காச்சும் தெரியும். சொல்லுங்க" என்றேன்.

டக்கென்று ஒருவர் வைத்தார். அவன் சிரிப்பு கொஞ்சம் தெளிவாகக் கேட்டது. இன்னொரு டக். இன்னும் கிட்டத்தில் கேட்டது. மூன்றாவது ஆளும் வைத்ததும் அவன் என் காதருகில் நின்று பேசுவது போல இருந்தது. "பாத்தியா, எல்லாரும் போயிட்டாக" என்றான்.

"ஞான் போகல்ல" என்றது ஒரு பெண் குரல். "நீ பேசு. கேட்டுட்டுத்தான் இருக்கேன்."

ஆஸ்பத்திரி நர்ஸ். கோட்டயம் பக்கத்து மலையாளி. நான் அவரோடு அதிகம் பழகியதில்லை. அவன் உடனே வைத்துவிட்டான்.

"மோளே, பேடிக்கண்டா, பயப்படாதே. இனி மணி அடிச்சா நானும் எடுப்பேன்" என்றார்.

இதற்கு முன்னாலும் கேட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் மழுப்பவில்லை. "கேட்டிருக்கேன். உனக்கு வேண்டிய ஆளாக்கும்னு நெனச்சேன். இன்னைக்கு நீ கேட்டப்பதான் மனசிலாச்சு."

அவன் மறுபடி கூப்பிடவில்லை. கல்யாணமாகும் வரை அந்த போர்டில்தான் இருந்தேன். அவன் யார் என்று இன்றுவரை தெரியாது.

போன மாதம் என் மகளைப் பற்றி, பெயரும் முகமும் இல்லாத ஒருவன் கம்ப்யூட்டரில் அசிங்கமாக எழுதியிருந்தான். யாராக இருக்கும் என்று அவள் அழுதாள். எனக்கு அவனைப் பற்றி யோசனை ஓடவில்லை. அதைப் படித்துவிட்டுப் பேசாமல் போனவர்கள் எத்தனை பேர் என்றுதான் தோன்றியது. அந்த நர்ஸ் மாதிரி ஒரே ஒருவர் போதும் என்பதும், அந்த ஒருவர் கிடைப்பதுதான் அரிது என்பதும் அன்றைக்கே எனக்குத் தெரிந்துபோன விஷயம்.

நர்ஸ் லைனில் பேசியதற்கு மறுநாள் எட்டு மணிக்கு வேலைக்குப் போனேன். வழியில் ஃபாக்டரி ஆட்கள் மூன்று பேர் குடைக்குள்ளிருந்து, "என்னம்மா, நல்லாருக்கியா?" என்று விசாரித்தார்கள். முந்தின நாள் டக்கென்று வைத்தவர் இவர்களில் யார் என்று பார்த்துக்கொண்டே நடந்தேன்.