லீவே போடாத சீனித்தாய்

ஆட்கள் நினைத்தால் வருவதும் நினைத்தால் நிற்பதுமாக இருந்ததால், மாசம் முழுக்க லீவு போடாதவர்களுக்கு ஆளுக்கொரு குக்கர் என்று உப்பள முதலாளி லிங்கராஜ் அண்ணாச்சி சொல்லிவிட்டார். அதற்கப்புறம் சீனித்தாய் காய்ச்சலென்றும் பார்க்கவில்லை, கல்யாணமென்றும் பார்க்கவில்லை.

பாதி மாசம் தாண்டியதும் அவளுக்கு மெட்ராஸ் ஐ வந்துவிட்டது. வீட்டில் கிடந்தால் குக்கர் போச்சே! கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். வெயிலில் உப்பு கண்ணைப் பறிக்கிற இடத்தில் கண் சிவக்காத ஆள் யார்? ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. மத்தியானம் எல்லாரும் ஒரே குடத்தில் மொண்டு முகம் கழுவி, ஒரே துண்டில் துடைப்பது அங்கே வழக்கம். அன்றைக்கும் அப்படியே துடைத்தார்கள்.

அடுத்த வாரம் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒவ்வொருவராக வீட்டில் படுத்துவிட்டார்கள். மாசக் கடைசியில் பாத்தியில் நின்றது சீனித்தாய் மட்டும்தான்.

அட்டைப்பெட்டியோடு அடுக்கி வைத்திருந்த குக்கர்களில் ஒன்றை எடுத்து நீட்டினார் அண்ணாச்சி. அவரும் அன்றைக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

“ஏளா, அளமே கண்வலியில கெடக்கு. ஒனக்கு மட்டும் ஒண்ணும் வரலியா?”

“எனக்குப் போன வாரமே சரியாயிட்டு அண்ணாச்சி” என்று சொல்லி, சீனித்தாய் குக்கரை வாங்கிக்கொண்டாள்.