ஞாயிற்றுக்கிழமை பேசலாம் என்றிருந்தாள்

நிர்மலாவுக்கு இருபத்தாறு வயது. பென்னாகரம் பக்கம், காட்டை ஒட்டிய ஊர். வனவிலங்குப் படிப்பு முடித்து ஒரு தொண்டு நிறுவனத்தில் மூன்று வருடமாக வேலை. யானைகள் எந்தப் பக்கம் இறங்குகின்றன என்று கவனித்து ஊர்க்காரர்களுக்குப் போனில் சொல்ல வேண்டும். காது மடலையும் வால் முடியையும் வைத்தே எந்த யானை என்று சொல்லிவிடுவாள்.

ஒரு நாள் கடலைக் கொல்லைக்குத் தண்ணீர் விடப் போனவள், மோட்டார் ரூமில் ஒரு சுருள் கட்டுக்கம்பியைப் பார்த்தாள். பக்கத்தில், தலையில் சைக்கிள் டியூப் துண்டு சுற்றிய குச்சிகள் ஒரு கட்டு. கரண்ட் வேலி போட அண்ணன் மாது சேர்த்து வைத்தவை. பன்றிகள் இரண்டு முறை கடலையைக் கிளறிப் போட்டிருந்தன. ஆனால் அந்தக் கொல்லை ஓரமாகத்தான் யானைகளும் ஏரிக்கு வரும். கம்பியில் கரண்ட் விட்டால் என்ன ஆகும் என்று அவளைவிடத் தெரிந்தவர்கள் அந்த ஊரில் இல்லை. அன்றே சொல்ல நினைத்தாள்; வாய் வரவில்லை. அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்தவன் மாதுதான்.

மறுநாள் ஒகேனக்கல்லில் பயிற்சி. வனவிலங்குப் பாதுகாப்பு வேலையில் இருக்கும் இளைஞர்களுக்குத் தலைமைப் பண்பு கற்றுக்கொடுக்கும் ஐந்து நாள் முகாம்.

மூன்றாம் நாள் பாடம், சொல்லக் கஷ்டமானதை எப்படிச் சொல்வது என்பது. எதிரே ஒருவர் விவசாயியாக நடிக்க வேண்டும். நிர்மலாவுக்கு வாய்த்தவர் அசாமிலிருந்து வந்தவர். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "உங்க பாஷையிலயே பேசுங்க" என்றார் பயிற்சியாளர்.

"அண்ணா, பன்னி பண்ற அட்டகாசம் எனக்கும் தெரியும். இருந்தாலும் அந்தக் கம்பிய எடுத்துருண்ணா. யானை செத்துதுன்னா நம்ம வூடே நாசமாயிரும்."

அசாம்காரருக்குத் தமிழில் தெரிந்தது ஒரே சொல். "ஆமா, ஆமா" என்று தலையாட்டினார். எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். நிர்மலாவும் சிரித்தாள். பாதி பாரம் இறங்கிவிட்டது போலிருந்தது.

யாரிடம், எந்த நாள் பேசப்போகிறீர்கள் என்று எழுத ஓர் அட்டை கொடுத்தார்கள். அவசரப்படாமல், எதிராளிக்கு ஓய்வான நேரமாகப் பார்க்கச் சொன்னார்கள். 'அண்ணன், ஞாயிறு' என்று எழுதினாள். அன்று கறி எடுப்பார்கள். மாது சாவகாசமாக இருப்பான்.

வெள்ளி சாயங்காலம் வீடு திரும்பியவளை மாது வாசலிலேயே பிடித்துக்கொண்டான்.

"சுகுணா, லீடர் வந்துட்டாங்க! சேர் எடுத்துப் போடு."

"சும்மா இருண்ணா."

"அஞ்சு நாளா என்னத்தச் சொல்லிக் குடுத்தாங்க?"

"பேசறதுக்கு."

"உனக்கா? வாய மூடறதுக்கில்ல சொல்லிக் குடுக்கணும்!"

நிர்மலா வாங்கி வந்த மீன் வறுவல் பொட்டலத்தை அண்ணி சுகுணா பிரித்தாள். மூவரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள். இப்போது வேண்டாம், நடுவில் ஒரு நாள்தானே என்று நிர்மலா நினைத்தாள்.

சனிக்கிழமை காலை வனத்துறை ரேஞ்சர் போனில் கூப்பிட்டார். "உங்க ஊர் ஏரிக்கிட்ட ஒரு பொம்பள யானை செத்துக் கெடக்கு. அடையாளம் சொல்லணும், வாங்க."

கடலைக் கொல்லை ஓரத்தில் கிடந்தது. இடது காதில் அரைவட்ட வெட்டு. மூன்று வருடமாக அவள் நோட்டில் இருக்கிற யானை. போன வருடம் ஈன்ற குட்டி, தாயின் காலைத் துதிக்கையால் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. மாது வரப்பில் உட்கார்ந்திருந்தான், இரண்டு பக்கமும் வனக்காவலர்கள்.

"கம்பி கட்டினது உங்களுக்குத் தெரியுமா?" என்று ரேஞ்சர் அவளைக் கேட்டார்.

மாது முந்திக்கொண்டான். "அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ஊர்லயே இல்லீங்க. அவ வேலைக்கு எதுவும் ஆயிரக் கூடாதுங்க சார்."

"தெரியுங்க சார்" என்றாள் நிர்மலா. "பயிற்சிக்குப் போறதுக்கு முன்னாடியே கம்பியப் பாத்தேன்."

மாது நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"பின்ன ஏன் பாப்பா சொல்லல? நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா எடுத்திருப்பனே."

ஜீப்பில் ஏறும்வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தான். ரேஞ்சர் படிவத்தை நீட்டினார். காது வெட்டு, உத்தேச வயது, உடன் ஒரு குட்டி என்று நிரப்பினாள். நில உரிமையாளர் என்ற இடத்தில் அண்ணன் பெயரை எழுதும்போது, குட்டி மறுபடியும் அந்தக் காலை இழுத்தது.