சிவப்பு நூல் பொட்டலம்

சிஹாபுதீனின் அத்தா கீழமாசி வீதியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். பிள்ளை பெற்றவளுக்கு வேண்டிய சுக்கு, திப்பிலி, ஓமம் எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி நூல் சுற்றித் தருவார். வாங்க வருகிற ஆம்பிளைக்கு என்ன தெரியும் என்பார். மகன் கம்ப்யூட்டர் படித்து, தல்லாகுளத்தில் மில்களுக்குக் கம்ப்யூட்டர் போட்டுத் தரும் நல்லகாமனின் கம்பெனியில் சேர்ந்த பிறகும் அந்தப் பொட்டலப் புத்தி போகவில்லை.

எண்பதுகளின் கடைசி அது. கம்ப்யூட்டரை ஓட்டும் யூனிக்ஸ் ஒரு பெட்டி நிறையப் பிளாப்பிகளாக வரும். மெஷின் எழுந்து நிற்க எது வேண்டும், பிரிண்டருக்கு எது, வெறும் அலங்காரத்துக்கு எது என்பது பெட்டிக்கே தெரியாது. ஒவ்வொரு மில்லிலும் சிஹாபுதீன் பகல் முழுக்க உட்கார்ந்து குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல் ஊட்டுவான். சலித்துப்போய் ஒருநாள் எல்லாவற்றையும் பிரித்தான். அடிப்படையானவை சிவப்பு நூல் பொட்டலம், மற்றவை பச்சை, மஞ்சள். அடுத்து எதைப் போட வேண்டும் என்று திரையே கேட்கும்படி ஒரு புரோகிராமும் எழுதிச் சேர்த்தான். இனி கணக்கப்பிள்ளைகூட ஏற்றிவிடலாம் என்றான். நல்லகாமன் சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு சட்டையில் தெறித்தது.

அவன் நிக்காஹ்வுக்கு முந்தின நாள், உசிலம்பட்டி பஞ்சு மில்லின் மெஷின் படுத்துவிட்டது. நல்லகாமன் அவனை உடனே கிளம்பச் சொன்னார். நாளைக்குள் மெஷின் ஓடவில்லை என்றால் வேலை கிடையாது. கல்யாணத்தன்று மாப்பிள்ளை காணாமல் போனால் மணப்பெண் சைனபின் அண்ணன்மார் என்ன செய்வார்கள் என்று அவருக்குக் கவலையில்லை. மில்லில்தான் பொட்டலங்கள் இருக்கின்றனவே என்ற தைரியத்தில், கணக்கப்பிள்ளை விருமாண்டிக்குப் போன் போட்டு, சிவப்பு நூலைப் பிரிக்கச் சொன்னான். முதல் பிளாப்பியையே மெஷின் படிக்க மாட்டேன் என்றது.

ஆயுத பூஜை முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. பிளாப்பிகளைப் பூஜையில் வைத்தீர்களா என்று சிஹாபுதீன் கேட்டான். வைக்காமலா என்றார் விருமாண்டி. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். அதுவும் உறையில் நெற்றிபோலத் திறந்திருந்த இடத்தில். மெஷின் படிக்கிற இடமே அதுதான்.

"எல்லாப் பொட்டலத்துக்குமா?"

"செவப்புக்கு மட்டுந்தான் பாய். அதான் அஸ்திவாரம், அது இல்லாட்டி மெஷினே இல்லன்னு நீங்கதான சொன்னீக. மத்ததுக்கு எதுக்கு அம்புட்டுச் சந்தனம்?"

நுணலும் தன் வாயால் கெடும். ஆனால் கெட்டது ஒரு பொட்டலம்தான். ஆபீசிலிருந்த நகலை எடுத்து, சந்தனம் அப்பிய டிரைவைத் துடைக்கிற பிளாப்பி ஒன்றையும் சேர்த்து, சிவப்பு நூல் சுற்றி, உசிலம்பட்டி பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தான். சந்தனத்தை இந்தமுறை மெஷினின் முதுகில் வைத்துக்கொள்ளும்படி விருமாண்டிக்குச் சொல்லிவிட்டு, மருதாணி வைக்கப் போனான்.

மறுநாள் நிக்காஹ் விருந்தில் நல்லகாமன் வந்து உட்கார்ந்தார். விருமாண்டியே எல்லாவற்றையும் ஏற்றிவிட்டான், மெஷின் ஓடுகிறது என்றார். சொல்லிவிட்டுப் பிரியாணியைப் பிசைந்தபடி கேட்டார்.

"கணக்கப்பிள்ளையே ஏத்திப்புட்டான்னா, இனிமே எனக்கு நீ எதுக்குடா?"

மாப்பிள்ளை நல்ல கறித்துண்டாகப் பார்த்து அவர் தட்டில் வைத்தான்.

"அடுத்த வருசமும் ஆயுத பூஜை வருமில்ல, மொதலாளி."