நீள டிக்கெட்டுக்கு முதல் இடம்

என் அண்ணி சட்டமன்ற உறுப்பினர். அதைவிட முக்கியமாக, பதினேழு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவள். பதவி வந்ததும் சீருடையைத்தான் கழற்றினாளே ஒழிய, கண்டக்டர் புத்தியைக் கழற்றவில்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால்கூட, "உள்ள தள்ளிப் போங்க, வழியில நிக்காதீங்க" என்பாள். ஊரில் அவளுக்கு 'விசில்' என்று பட்டப்பெயர். மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். நான் நேரிலேயே சொல்வேன். நாத்தனாருக்கு அந்த உரிமைகூட இல்லையென்றால் எப்படி?

அரசாங்கப் பணத்தைப் பங்கு போடுவது பற்றி அவளுக்கு ஒரு கொள்கை உண்டு. அதுவும் பஸ்ஸில் பிறந்ததுதான். "கடைசி ஸ்டாப்புல ஏறுறவங்கதான் அதிகமா காசு கொடுத்து டிக்கெட் எடுக்கறாங்க. வண்டி நின்னுபோனா நடக்கறதும் அவங்கதான். ஊர் நடுவுல ஏறுறவன் ரெண்டு ஸ்டாப்புக்கு ஜன்னல் சீட் கேட்டு சண்டை போடுவான். நிதியும் இப்படித்தான் போகுது. தலைய எண்ணிப் பிரிக்காதீங்க, தூரத்த எண்ணிப் பிரிங்க." இதைச் சட்டமன்றத்தில் சொன்னாள், சாப்பாட்டு மேஜையில் சொன்னாள், என் தையல்கடையில் சட்டைக்கு அளவு கொடுக்கும்போது கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அந்தச் சட்டையின் தோள் இறங்கிப்போனதற்கு நான் பொறுப்பில்லை.

கொள்கையோடு விட்டாளா? அதுதான் இல்லை. மாதத்தின் முதல் திங்கட்கிழமை அவள் அலுவலகத்தில் மனு வாங்கும் நாள். வருகிறவர்கள் வாசலில் இருக்கும் எழுத்தரிடம் பஸ் டிக்கெட்டைக் காட்ட வேண்டும். நீள டிக்கெட், அதாவது அதிக தூரத்து டிக்கெட், வைத்திருப்பவருக்கு முதல் இடம். பக்கத்து ஸ்டாப்புக்காரருக்கு அதற்கப்புறம். டிக்கெட்டே இல்லாத உள்ளூர்க்காரர்கள் வரிசையின் வாலில். என் கடையிலிருந்து அலுவலகத்துக்கு நாலு நிமிஷ நடை. ஆகவே நான் வாலிலும் நுனி.

போன வருஷம் எங்கள் கடைத்தெருவுக்கு ஒரு கூரை வேண்டியிருந்தது. மழை பெய்தால் துணி நனைகிறது, வாடிக்கையாளர் ஓடிவிடுகிறார்கள். கேட்டதில் தப்பொன்றும் இல்லை. கடைக்காரர் சங்கத் தலைவரான பூட்டுக்கடைக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். "உங்க அண்ணிதானேம்மா, ஒரு வார்த்தை சொல்லுங்க." நானும் வாங்கிக் காட்டுகிறேன் என்று எல்லோர் முன்னாலும் வாய் விட்டுவிட்டேன். ஆனால் அண்ணியிடம் வீட்டில் வைத்து எதுவும் கேட்க முடியாது. "ஆபீசுக்கு வா, வரிசைல நில்லு" என்பாள். வாலில் நிற்பவர்களின் முறை வருவதற்குள் மணி ஒன்றாகிவிடும். அந்தத் திங்கட்கிழமை சரியாக ஒரு மணிக்குத் தொகுதி நிதிப் பட்டியல் தலைநகருக்குப் போகிறது. அதில் ஏறாத வேலைக்கு இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

யோசனை என்னுடையதுதான், மறைப்பானேன். காலையில் புறப்படும் முதல் பஸ்ஸில் கடைசி ஸ்டாப் வரை போவது, இறங்காமல் அங்கேயே டிக்கெட் எடுத்துத் திரும்புவது. கையில் நீள டிக்கெட், வரிசையில் முதல் இடம். சங்கமே கைதட்டியது. இருபத்து நாலு பேர் கிளம்பினோம். அது நின்றுகொண்டு போக அனுமதியில்லாத சின்ன பஸ். இருக்கையும் இருபத்து நாலுதான்.

கடைசி ஸ்டாப்பில் ஏழு பேர் காத்திருந்தார்கள். முழங்கால் வரை சேறு. கண்டக்டர் பையன் எங்களைப் பார்த்தான், அவர்களைப் பார்த்தான். "ஒரு சீட்டும் காலி இல்ல. மத்தியான வண்டில வாங்க" என்றான். பிளாஸ்டிக் உறையில் காகிதச் சுருள் ஒன்றைப் பிடித்திருந்த ஒரு பெண் என் ஜன்னலுக்கு நேர் கீழே நின்றாள். நான் கைப்பையில் எதையோ தேடுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் எழுந்திருக்கும் அளவுக்கு இல்லை.

அலுவலகத்தில் என் டிக்கெட்டை அண்ணி திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எப்போடி வீட்ட அங்க மாத்தினே?"

"டிக்கெட் செல்லுமா செல்லாதா அண்ணி?"

"செல்லும். விதின்னா விதிதான்" என்றாள். தான் போட்ட விதியில் தானே மாட்டிக்கொண்டு முழிக்கிற அழகை நான் ரசித்தேன். பூட்டுக்கடைக்காரர் பேசினார், செருப்புக்கடைக்காரர் பேசினார், கண்ணாடிக்கடைக்காரர் அழாத குறை. கடைத்தெரு ஓட்டுகளை இழக்காதே என்று கட்சியிலிருந்து வேறு அவளுக்குத் தொலைபேசி வந்துகொண்டிருந்தது. பட்டியலில் ஒரே ஒரு வரி பாக்கியிருந்தது. அதில் 'கடைத்தெருக் கூரை' என்று எழுதினாள். நான் வெற்றி வீராங்கனையாக வெளியே வந்தேன்.

மணி பன்னிரண்டே முக்கால். வாசலில் அந்த ஏழு பேர். ஐந்து மணி நேரத்துக்கு மேல் நடந்தே வந்திருக்கிறார்கள். எழுத்தர் கை நீட்டினார்.

"டிக்கெட்?"

"இல்லைங்க" என்றாள் காகிதச் சுருள் வைத்திருந்தவள்.

"உள்ளூரா? அப்ப கடைசில போய் நில்லுங்க."

அவர்கள் ஒன்றும் சொல்லாமல் போய் நின்றார்கள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஒருத்தராவது சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டு என் கடைக்குப் போயிருப்பேன். காலையில் பஸ்ஸில் எழுந்திருக்காத நான் அப்போது உள்ளே ஓடினேன்.

"அண்ணி, வெளிய வாங்க. உங்க விதிய வந்து பாருங்க."

வந்தாள். எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்டாள்.

"கடைசி ஸ்டாப்பு தாண்டி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்மா. பஸ்ல இடம் இல்ல" என்ற அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "இவங்க ஜன்னல் பக்கமா உட்கார்ந்திருந்தாங்க."

குற்றம் சாட்டவில்லை, அடையாளம்தான் சொன்னாள். சுருளை விரித்தாள். வாய்க்கால் மேல் ஒரு நடைபாலம் வேண்டும். போன மழைக்குத் தண்ணீர் ஏறி, பிள்ளைகள் இரண்டு மாசம் பள்ளிக்கூடம் போகவில்லை. இரண்டு பெண்கள் பரீட்சை எழுதாமல் படிப்பையே விட்டுவிட்டார்கள். அடுத்த மழைக்கு நாலு மாசம்கூட இல்லை.

அண்ணி எழுத்தரை முறைத்தாள். "நீங்க சொன்ன விதிதானேம்மா" என்றார் அவர், பாவம். அண்ணியின் முகம் சுருங்கிப்போனது. பஸ் கிடைக்காமல் நடந்தே வருகிறவர்களிடமும் டிக்கெட் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், ஒரு வருஷமாக. எத்தனை பேர் வாலில் நின்று திரும்பிப் போனார்களோ.

"பட்டியல்ல இடம் இல்ல" என்றாள் என்னிடம். "அந்த வரி உன்னோடது. விதிப்படி வாங்கினது. நானா அடிக்க மாட்டேன்."

பெரிய மனுஷி, பாரத்தைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டாள். பின்னால் பூட்டுக்கடைக்காரர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். மணி ஒன்றாக ஆறு நிமிஷம்.

"அடிங்க அண்ணி" என்றேன்.

அடித்தாள். பாலத்தை எழுதினாள்.

கடைத்தெருவில் பத்து நாள் என்னோடு யாரும் பேசவில்லை. பூட்டுக்கடைக்காரர் மனைவி, கொடுத்த துணியைத் தைக்காமலே திருப்பி வாங்கிக்கொண்டு போனாள். பதினோராம் நாள் அண்ணி சட்டமன்றத்தில் பேசுவதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். என் கடையில்தான் தொலைக்காட்சி இருக்கிறது என்பதால், வேறு வழியில்லாமல் எல்லோரும் வந்து நின்றார்கள்.

டிக்கெட் கதையை ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். "வந்து கேக்கறவங்களுக்குத்தான் நாம எல்லாரும் பிரிச்சுக் கொடுக்கறோம். வரவே முடியாதவங்கள யாரும் எண்ணல. நானும் எண்ணல. இனிமே பட்டியல் போடற முன்னாடி நான் அங்க போவேன், நீங்களும் போகணும்னு சட்டம் போடுங்க" என்றாள்.

எதிர்வரிசையில் ஒருவர் எழுந்து, "அப்போ உங்க கொள்கை தப்புன்னு ஒத்துக்கறீங்களா?" என்று கேட்டார். சபை சிரித்தது.

"கொள்கை சரி. நான் நடத்தின விதம் தப்பு" என்றாள் அண்ணி.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் என் அண்ணனிடம் ஒருமுறைகூட அந்தக் கடைசி வார்த்தையை அவள் சொன்னதில்லை. இப்போது நாடே பார்க்கும்போது சொல்கிறாள்.

"இவங்களுக்கு அடுத்த தடவை ஓட்டு கிடையாது" என்றார் பூட்டுக்கடைக்காரர். பிறகு, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார்.