நான்காம் எண் ஸ்டாப்வாட்ச்

அந்தப் பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கும் அக்காவுக்கு வயது நாற்பத்து நான்கு. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை. கூடப் படித்தவர்கள் இன்றும் கடைத்தெருவில் கண்டால் ‘ஒம்பது மூணு’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டுவிட்டுச் சிரிக்கவும் செய்கிறார்கள், பாவிகள்.

அந்தப் பெயர் இதே அறையில்தான் வந்து ஒட்டிக்கொண்டது. பள்ளி இறுதி வருடச் செய்முறைத் தேர்வு. ஊசல் குண்டை ஆட்டிவிட்டு, இருபது அலைவுக்கு எத்தனை வினாடி என்று பார்த்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். விடை ஒன்பது புள்ளி எட்டு என்று எல்லோருக்கும் தெரியும். வகுப்பே விடையை முதலில் எழுதி, அதற்குத் தோதாக வினாடிகளைப் பிறகு நிரப்பிக்கொண்டது. இவள் ஒருத்திதான் ஊசலைப் பார்த்து எழுதினாள். ஒன்பது புள்ளி மூன்று வந்தது. மூன்று தரம் எண்ணினாள். மூன்று தரமும் அதேதான்.

வெளிப்பள்ளியிலிருந்து வந்த தேர்வாளர் தாளைத் தூக்கிப் பிடித்து, “இந்தம்மா வேற கிரகத்துல இருந்து வந்திருக்கு போல” என்றார். அறையே கொல்லென்று சிரித்தது.

“வாட்ச் தப்பா இருக்கலாம் சார்” என்றாள்.

அப்போதைய உதவியாளரைக் கேட்டார்கள். “நல்லாத்தான் ஓடுது சார்” என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னார் அந்த மனுஷன்.

மதிப்பெண் பாதியாயிற்று. கல்லூரியில் இயற்பியல் படிக்கக் கிடைக்க வேண்டிய இடம் இரண்டே மதிப்பெண்ணில் கைநழுவியது. “ஊரே எழுதினத நீயும் எழுதித் தொலைக்க வேண்டியதுதானே?” என்று அண்ணன் ஒரு மாதம் வறுத்தெடுத்தான்.

பத்து வருடம் கழித்து அதே ஆய்வகத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. முதல் நாளே எல்லா ஸ்டாப்வாட்சையும் ஒன்றாக ஓடவிட்டுப் பார்த்தாள். அன்று தேர்வில் அவள் கைக்கு வந்த நான்காம் எண் மட்டும் நிமிடத்துக்கு ஒன்றரை வினாடி முந்தி ஓடியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். புதிது வாங்கச் சொன்னதற்கு, “யாரும்மா வாட்ச்சப் பாத்து எழுதறாங்க?” என்று இயற்பியல் ஆசிரியர் வாயை அடைத்துவிட்டார். நான்காம் எண்ணை யார் கையிலும் படாமல் அலமாரியின் கடைசியில் தள்ளி வைத்தாள். வருட முடிவில் ‘கருவிகள் அனைத்தும் சரிபார்க்கப்பட்டன’ என்ற பதிவேட்டில் கையெழுத்தும் போட்டாள். பதினாறு வருடம் போட்டாள். வேலை இன்னும் தற்காலிகம்தான்.

இந்த வருடத் தேர்வன்று இரண்டு ஸ்டாப்வாட்ச் மக்கர் செய்தன. கடைசி மேசைப் பெண்ணுக்கு நான்காம் எண்ணை எடுத்துக் கொடுப்பதைத் தவிர வழியில்லை. குனிந்து, “இது முந்தி ஓடும்மா. ஒம்பது எட்டு வர்ற மாதிரி எழுதிக்கோ” என்றாள்.

“எனக்கு வந்ததத்தானேக்கா எழுதணும்?” என்றது அந்தப் பெண்.

வந்ததைத்தான் எழுதியது. தேர்வாளர் புருவத்தைத் தூக்கினார்.

“வாட்ச் முந்தி ஓடுது சார். அக்காவே சொன்னாங்க.”

தேர்வாளர் ஆசிரியரைப் பார்த்தார். ஆசிரியர் அக்காவைப் பார்த்தார். பதிவேடு அவர் மேசையிலேயே இருந்தது, பதினாறு கையெழுத்தோடு. அக்காவின் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி அவர் எழுதிய கடிதம் போன வாரம்தான் மேலிடத்துக்குப் போயிருந்தது.

“நல்லாத்தான் ஓடுது சார்” என்றாள் அக்கா. சொன்ன பிறகுதான் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது.

அந்தப் பெண் அழவில்லை. ஸ்டாப்வாட்சைத் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டு, அக்காவை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போயிற்று. அக்கா அதை எடுத்து அலமாரியின் கடைசியில் வைத்துப் பூட்டினாள். தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

தாழ்வாரத்தில் பையன்களின் சிரிப்பு கேட்டது. “ஏய், ஒம்பது மூணு!” என்று ஒருவன் கத்தினான்.

பழக்க தோஷத்தில் அக்கா திரும்பிப் பார்த்தாள். அவன் கூப்பிட்டது அவளை அல்ல.