பார்க்காமல் எழுதிய ஏழு கிலோமீட்டர்

“இதோட பேரு என்ன?”

வேலிக்கு வெளியே ஒரு காலைத் தரையில் ஊன்றி, மறுகாலை மிதியில் வைத்தபடியே ஆர்லீன் மெல்னிக் கேட்கிறார். அவருடைய சைக்கிளின் முன்சக்கரத்துக்கு இரண்டடி தள்ளி ஒரு கறுப்பு நாய் தொண்டை கிழியக் குரைத்துக்கொண்டிருக்கிறது. தானியத் தொட்டியின் ஏணியில் நிற்கும் பண்ணைக்காரர் திரும்பிப் பார்த்து, “பிக்கிள்” என்கிறார்.

“பிக்கிள், வீட்டுக்குப் போ.”

நாய் குரைப்பதை நிறுத்தி யோசிக்கிறது. பிறகு தனக்கு வேறு வேலை இருப்பதுபோல் நடந்துபோகிறது. ஆர்லீன் ஹெல்மெட் வாரில் செருகியிருக்கும் பென்சிலை உருவி, தொடைமேல் தாளை வைத்து எழுதிக்கொள்கிறார்: ‘இருபத்து மூன்றாவது கிலோமீட்டர். இடப்பக்கம் பச்சைக் கொட்டகை. நாய் பெயர் பிக்கிள். சொன்னால் கேட்கும்.’

ஹார்ட்வெல் சைக்கிள் சங்கத்துக்கு வழி வகுத்துக் கொடுப்பவர் அவர்தான். ஆல்பர்ட்டா மாகாணத்தின் இந்தப் பக்கத்தில் சாலைகள் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் மாதிரி நேர்நேராக ஓடும். எந்தக் கோட்டில் புகுந்து எந்தக் கோட்டில் வெளியே வந்தால் புல்வெளியும் கடுகுபோல் மஞ்சளாய்ப் பூத்த கனோலா வயலும் தாண்டி, ரெட் டியர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கி, மூச்சு மிச்சமிருக்க வீடு திரும்பலாம் என்பது அவருக்கு அத்துப்படி. முப்பத்தோரு வருஷம் இதே சாலைகளில் மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். இப்போது வயது அறுபத்து மூன்று. வட்டாரத்தில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கும் பாதிப்பேர் அவரை இன்னும் ‘டிரைவரம்மா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். பேருந்தில் ஒருநாளும் ஏறாத அவருடைய கணவர் டேலும் அப்படித்தான் கூப்பிடுகிறார். அவர் கூப்பிடுவது கேலிக்கு.

பேருந்து போனாலும் பழக்கம் போகவில்லை. ஹெல்மெட்டில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடி ஒட்டியிருக்கிறது. இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை அதைப் பார்த்துப் பின்னால் வருகிற தலைகளை எண்ணுவார். இருப்புப்பாதை குறுக்கிட்டால் இறங்கி நிற்பார். இருபுறமும் பார்த்து, வாயை லேசாகத் திறந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் தாண்டுவார். ஊருக்குத் தெற்கே இருக்கும் கடவையிலும் இதேதான்.

“அங்க தண்டவாளத்தையே பிடுங்கிப் பதினஞ்சு வருஷம் ஆச்சு, டிரைவரம்மா” என்பார் டேல்.

“அது ரயிலுக்குத் தெரியுமா?” என்பார் ஆர்லீன்.

அவர் எழுதும் வழித்தாளுக்கென்றே கேல்கரி நகரத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். வெறும் ‘இடது, வலது’ அல்ல அது. ‘இங்கிருந்து எட்டு கிலோமீட்டர் மேற்கே. காற்று முகத்தில் அடிக்கும். யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டாம்.’ ‘பள்ளத்தாக்கு இறக்கம். வேடிக்கை பார்க்க வேண்டுமென்றால் நின்று பாருங்கள். ஓட்டிக்கொண்டே பார்த்தவர்கள் இதுவரை இரண்டு பேர். இருவருக்கும் பிளாஸ்திரி ஒட்டியது நான்.’ ‘மழை பெய்தால் இந்த மண்ணில் காலை வைக்காதீர்கள். வழுக்கும்போது சோப்பு, ஒட்டும்போது கோந்து.’ எல்லா வழியும் காலையில் காற்றை எதிர்த்துப் புறப்படும், மாலையில் காற்றை முதுகில் வாங்கித் திரும்பும். “போகும்போதே சண்டையை முடிச்சிரணும். பசியோட சண்டை போடக் கூடாது” என்பது அவர் கணக்கு.

டேல் சைக்கிளில் ஏறமாட்டார். “எஞ்சின் கண்டுபிடிச்சவன் முட்டாளா?” என்று கேட்பார். ஆனால் சங்கத்தின் ஒவ்வொரு பயணத்திலும் எல்லோருக்கும் பின்னால் அவருடைய பழைய பிக்கப் வண்டி வந்துகொண்டிருக்கும். அதில் வாழைப்பழம், தண்ணீர், காற்றடிக்கும் பம்பு, மடக்கு நாற்காலி ஒன்று. நாற்காலி அவருக்கு.

ஆர்லீனுக்கு ஒரே ஒரு சட்டம். தன் சக்கரம் படாத சாலை தாளில் ஏறாது. பதினாலு வருஷத்தில் ஒரு தடவை அந்தச் சட்டம் தவறியது. போன வருஷம்.

மார்ச் மாதம் அவருடைய இடது முழங்காலில் அறுவை நடந்தது. ஜூன் வரை சைக்கிளைத் தொடக் கூடாது என்றார்கள். ஜூலை இரண்டாம் ஞாயிறு பெரும்பயணம், நூற்றிருபது கிலோமீட்டர், புது வழி வேண்டும் என்று சங்கத்தில் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. ஜூன் பிறந்ததும் ஆர்லீன் வழியைத் துண்டு துண்டாக ஓட்டிப் பார்த்தார். பிக்கிளின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டது அப்போதுதான். கடைசியாகப் பாக்கி நின்றது ஏழு கிலோமீட்டர், கனோலா வயல்களுக்கு நடுவே பள்ளத்தாக்கின் விளிம்புவரை போகும் ஒரு நேர்சாலை. அந்தச் சாலைக்குத் திரும்பும் இடம் வருவதற்கு முன்பே முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. சைக்கிளைத் தூக்கி பிக்கப்பில் போட்டார்.

“அந்த ரோட்டைப் பாக்க வேணாமா?” என்று டேல் கேட்டார்.

“ஆயிரம் தடவை பஸ் ஓட்டின ரோடு. கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவேன்.”

அன்றிரவு சமையலறை மேசையில் உட்கார்ந்து தாளில் எழுதினார்: ‘ஏழு கிலோமீட்டர். நல்ல தார்.’

ஜூலை ஞாயிறன்று இருபத்து நாலு பேர் கிளம்பினார்கள். வானம் துடைத்த கண்ணாடியாக இருந்தது. அறுபதாவது கிலோமீட்டர்வரை எல்லாம் தாளில் உள்ளபடியே நடந்தது. காற்று சொன்ன இடத்தில் அடித்தது. பிக்கிள் சொன்ன பேச்சைக் கேட்டு வீட்டுக்குப் போனது. கேல்கரியில் பல் மருத்துவராக இருக்கும் டிரெவர், ஏழு கிலோ எடையுள்ள தன் புதுச் சைக்கிளின் பெருமையை முன்னால் போகிறவருக்கும் பின்னால் வருகிறவருக்கும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்த நேர்சாலையில் திரும்பியதும் முன்னே போனவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். தார் கத்தியால் வெட்டினதுபோல் முடிந்திருந்தது. அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் சரளைக்கல். பராமரிக்கக் கட்டுப்படியாகாத தார்ச்சாலைகளை இங்கே உழுது மறுபடி சரளையாக்கிவிடுவது உண்டு. இந்தச் சாலைக்கும் எப்போதோ அது நடந்துவிட்டிருந்தது.

டிரெவர் தாளை எடுத்துப் படித்தார். “நல்ல தார்னு போட்டிருக்கே.”

ஆர்லீன் சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னால் வந்தார். கல்லைப் பார்த்தார். கன்னம் சிவந்தது. பழியைச் சாலையை மாற்றினவர்கள் பேரில் போட்டிருக்கலாம், யாரும் மறுக்கப்போவதில்லை. அவர் திரும்பி நின்று, பேருந்தின் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரலில் சொன்னார்:

“தப்பு என்னுது. நான் இந்த ரோட்டை வந்து பாக்கல. பாத்த மாதிரி எழுதிட்டேன்.”

“பாக்காமகூட எழுதுவீங்களா?” என்றார் டிரெவர்.

“ஒரே ஒரு தடவை.”

அப்போதுதான் எல்லோரும் மேற்கே பார்த்தார்கள். அடிவானத்தில் ஒரு மேகம் எழுந்து நின்றது. கறுப்பு என்றால் பரவாயில்லை, இங்கே யாரும் அதற்குப் பயப்படுவதில்லை. இது பச்சை கலந்த கறுப்பு, அழுகின அவரை நிறம். ஆலங்கட்டி. திரும்பிப் போனால் அடுத்த வீட்டுக்குப் பதினோரு கிலோமீட்டர். டேலின் பிக்கப் இன்னும் பின்னால் எங்கோ வந்துகொண்டிருந்தது; வந்தாலும் அதில் நாலு சைக்கிளுக்கு மேல் ஏறாது.

“அதோ சிவப்புக் கூரை தெரியுதா? ரெண்டு கிலோமீட்டர்” என்றார் ஆர்லீன். “கர்ட் நீல்சன் வீடு. முடிஞ்சவங்க ஓட்டுங்க, முடியாதவங்க தள்ளுங்க. நான் கடைசியா வரேன்.”

கால்மணி நேரத்தில் மூன்று டயர் பஞ்சரானது. டிரெவர் ஏழு கிலோவையும் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். பின்னால் ஆர்லீன் முழங்காலைப் பிடித்தபடி நொண்டிக்கொண்டே, கண்ணாடியில் பார்க்க யாரும் இல்லாததால் முன்னால் போகிற முதுகுகளை எண்ணிக்கொண்டு போனார். இருபத்து மூன்று. தன்னோடு இருபத்து நாலு.

நீல்சன் வீட்டு வாசலை முதல் ஆள் நெருங்கியதும் கொட்டகைக்குப் பின்னாலிருந்து கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு நாய் பாய்ந்து வந்தது. அதன் பெயர் தாளில் இல்லை. தாளில் இருந்த பெயரையெல்லாம் சொல்லிப் பார்த்தார்கள். “பிக்கிள், வீட்டுக்குப் போ.” “டியூக், உக்காரு.” “லேடி? லேடியா நீ?” ஒவ்வொரு பெயருக்கும் நாயின் கோபம் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் கதவைத் திறந்துகொண்டு கர்ட் வெளியே வந்தார். நாற்பது வயது, ஆறடி உயரம், கையில் பாதி கடித்த ரொட்டி.

“மேயர், இங்க வா” என்றார். நாய் உடனே அடங்கியது. “யாருங்க நீங்கள்லாம்?”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆர்லீன் வந்தார். கர்ட்டின் முகம் சட்டென்று பன்னிரண்டு வயதுக்குப் போனது.

“டிரைவரம்மா.”

“கர்ட், இருபத்து நாலு பேரு இருக்கோம். உள்ள விடுவியா?”

“என்னை அரை மைல் நடக்கவிட்டீங்களே, ஞாபகம் இருக்கா?”

“நீ பஸ்ஸுக்குள்ள முட்டை வீசினது ஞாபகம் இருக்கு.”

“ஒண்ணுதான் வீசினேன்.”

“ஏழு. துடைச்சது நான்.”

கர்ட் சிரித்துக்கொண்டே இயந்திரக் கொட்டகையின் பெரிய கதவைத் தள்ளினார். கடைசி சைக்கிள் உள்ளே வரவும் முதல் கட்டி தகரக் கூரையில் விழவும் சரியாக இருந்தது. பிறகு பத்து நிமிஷம் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கவில்லை. எலுமிச்சை அளவுக் கட்டிகள் முற்றத்தில் விழுந்து எகிறின. எல்லோரும் உழவு இயந்திரத்தின் சக்கரங்களுக்கு நடுவே ஒடுங்கி நின்றார்கள். கர்ட் மட்டும் கதவிடுக்கில் நின்று தன் கனோலாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்லீன் போய் அவர் பக்கத்தில் நின்றார். மேகம் வடக்கே நகர்ந்து, சத்தம் மெல்ல அடங்கியதும், கர்ட் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு மூச்சு விட்டார்.

“ஓரத்துல கொஞ்சம் போச்சு. மிச்சம் நிக்குது.”

அதற்குள் டேலின் பிக்கப் முன்கண்ணாடியில் புதுக் கீறலோடு முற்றத்துக்குள் நுழைந்தது. ஆர்லீன் காத்திருந்தார். ‘பாக்க வேணாமான்னு கேட்டேன்ல’ என்ற வார்த்தை வரப்போகிறது. வந்தால் வாங்கிக்கொள்வதாகவே இருந்தார். டேல் இறங்கி வந்து துண்டை நீட்டினார்.

“எல்லாரும் இருக்காங்களா, டிரைவரம்மா?”

“இருக்காங்க.”

“சரி.” அவ்வளவுதான். போய் வாழைப்பழத்தை எடுத்து எல்லோருக்கும் கொடுக்க ஆரம்பித்தார்.

மிச்ச ஐந்து கிலோமீட்டருக்குக் கர்ட் மாடு ஏற்றும் வண்டியைப் பின்னோக்கி எடுத்துவந்து நிறுத்தினார். “நேத்துதான் மாட்டை இறக்கினேன். இன்னும் கழுவல” என்றார். இரண்டு நடையாக, சைக்கிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றபடியே போனார்கள். கம்பி இடுக்கில் மூக்கை நீட்டிக்கொண்டு வந்த டிரெவரை யாரோ படமெடுத்தார்கள். அவரே ‘ம்மா’ என்று கத்தியபோது வண்டியே குலுங்கியது.

விளிம்பில் இறக்கிவிட்டபோது வெயில் திரும்பியிருந்தது. அதுவரை தட்டையாக வந்த பூமி காலடியில் திடீரென்று காணாமல் போய், கீழே நூறு மீட்டர் ஆழத்தில் ஆறு வெள்ளிக் கம்பியாக நெளிந்தது. சாம்பல், துரு, வெண்ணெய் நிறம், நடுவே நிலக்கரியின் கறுப்புக் கோடு என்று அடுக்கடுக்காக நின்ற மண்மேடுகள் மழையில் நனைந்து எண்ணெய் தேய்த்ததுபோல் பளபளத்தன. உச்சியில் பாறையைத் தொப்பியாகப் போட்ட மண்தூண்களிலிருந்து ஆவி கிளம்பியது. இறங்கும் சாலை, நல்லவேளையாக, ஆர்லீன் தன் சக்கரத்தால் ஓட்டிப் பார்த்தது. அங்கே தாளில் போட்டிருந்தபடி தார் இருந்தது. அன்றைக்கு எல்லோரும் நின்றுதான் வேடிக்கை பார்த்தார்கள்.

ஆற்றங்கரை ஊரின் மாதாகோயில் கூடத்தில் அம்மாக்கள் பெரோகி வைத்திருந்தார்கள். உருளைக்கிழங்குப் பூரணம் வைத்த கொழுக்கட்டை, மேலே வதக்கின வெங்காயம். எல்லோரும் தட்டும் கையுமாக மாடு ஏற்றும் வண்டியில் வந்த கதையை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருக்க, ஆர்லீன் தட்டை எடுக்காமல் பென்சிலோடு மேசை மேசையாகப் போனார். “உங்க தாளைக் கொடுங்க.” வாங்கி, ‘நல்ல தார்’ என்பதை அடித்துவிட்டு, ‘சரளை. நான் பார்க்காமல் எழுதியது. ஆ.மெ.’ என்று எழுதினார். கீழே சின்னதாக: ‘நாய் பெயர் மேயர்.’

“அந்த ரோட்டைத்தான் தாண்டி வந்தாச்சே, விடுங்களேன்” என்றார் ஒரு பெண். ஆர்லீன் அடுத்த தாளுக்குக் கை நீட்டினார்.

கடைசித் தாள் டிரெவருடையது. முதுகுப் பையில் தண்ணீர்ப் பாட்டில் கசிந்து ஊறிக் கூழாகிப் போயிருந்தது.

“இதுல எழுத முடியாது” என்றார் டிரெவர். “நான் சாகுறவரைக்கும் அந்த ரோட்டை மறக்க மாட்டேன், போதுமா?”

“நீங்க மறக்க மாட்டீங்க. இதை வேற யாருக்காவது கொடுத்து அனுப்புவீங்க.”

தாளை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு ஆர்லீன் வெளியே போனார். டேலின் பிக்கப் வெயிலில் நின்றது. எஞ்சின் மூடியில் சூடு இன்னும் ஆறவில்லை. அதன்மேல் தாளை மெதுவாகப் பிரித்து விரித்தார். ஆற்றுக்காற்று ஓரத்தைத் தூக்கியது. இரண்டு கைகளையும் அகல வைத்து நான்கு மூலையையும் விரல்களால் அழுத்திக்கொண்டு, காயட்டும் என்று நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து டேல் தட்டோடு வந்தார். பக்கத்தில் நின்று பார்த்தார். பிறகு முள்கரண்டியில் ஒரு பெரோகியைக் குத்தி நீட்டினார். ஆர்லீன் தாளிலிருந்து கையை எடுக்காமல், வாயை மட்டும் திறந்தார்.