சங்கு ஊதாத வெள்ளிக்கிழமை

எங்கள் வீட்டில் இப்போது மணி காட்டாத பொருள் துடைப்பம் ஒன்றுதான். அடுப்புகூடக் காட்டுகிறது. பேரன் கையில் கட்டியிருக்கும் பட்டை, நீ இன்றைக்கு நடக்கவே இல்லை என்று அவனைத் திட்டுகிறது. இத்தனை இருந்தும் ஒரு கல்யாணத்துக்காவது தாலி கட்டும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்போமா? கேட்காதீர்கள்.

நான் சிறுமியாக இருந்தபோது திருவொற்றியூரில் எங்கள் மீனவர் குப்பம் மொத்தத்துக்கும் ஒரே மணிதான்: பக்கத்து ஆலையின் சங்கு. எட்டு மணிச் சங்குக்கு உலை வைப்பார்கள், பன்னிரண்டு மணிச் சங்குக்குச் சோறு போடுவார்கள். நடுவில் பசித்தால் அது பசியே இல்லை என்பாள் அம்மா.

ஒரு வெள்ளிக்கிழமை அக்காவுக்கு நிச்சயம். அக்காவுக்குப் பதினாறு வயது. மாப்பிள்ளைக்கு என் நைனாவின் வயது. முதல் மனைவி இறந்துபோயிருந்தாள், சொந்தமாக இரண்டு படகு இருந்தது. அக்காவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கோ புதுப் பாவாடையும் பாயசமும் கிடைத்ததால் அவரை மிகவும் பிடித்துப்போயிருந்தது.

பன்னிரண்டு வரை ராகு காலம். சங்கு ஊதியதும் தட்டு மாற்றுவதாகப் பேச்சு. எல்லோரும் பாயில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். சங்கு ஊதவே இல்லை. நிழலைப் பார்க்கலாமென்றால் வானம் மூடிக் கிடந்தது. மாப்பிள்ளையின் மாமா கையில் மட்டும் ஒரு கடிகாரம் மின்னியது.

"மணி இன்னா, சம்மந்தி?" என்று நைனா ஆசையாகக் கேட்டார்.

"இது ஓடாது. விசேசத்துக்குக் கட்டிக்கினு வர்றது," என்றார் அவர்.

பன்னிரண்டு ஆகிவிட்டது என்று பாதிப் பேர், ஆகவில்லை என்று பாதிப் பேர். பாயசம் ஏடு கட்டியது. என் வயிறு எப்போதோ பன்னிரண்டு அடித்துவிட்டது, அதை யார் கேட்டார்கள்! கடைசியில் சைக்கிளில் போன ஒருவர், ஆலையில் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்கள் வேலையை நிறுத்தினால் எங்கள் வீட்டு நிச்சயம் ஏன் நிற்க வேண்டும்? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

இரண்டு மணிக்காவது மாற்றலாமே என்று நைனா கெஞ்சினார். இரண்டு மணி என்று யார் சொல்வது என்று கேட்டுக்கொண்டே மாப்பிள்ளையின் மாமா எழுந்து வேட்டியை உதறினார். "அட்த்த வெள்ளிக்கெயம சங்கு ஊதட்டும், வர்றோம்."

அம்மா முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அக்காவை நினைத்து எனக்கும் அழுகை வந்தது. தேற்றலாமென்று சமையலறைக்கு ஓடினேன். மூன்று நாளாகச் சோற்றைக் கிளறிவிட்டு எழுந்து போனவள், தட்டு நிறையச் சோறும் சாம்பாருமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வீடே அழுகிறது, இவளுக்குச் சோறு கேட்கிறதா?

அக்கா என்னை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து வாயில் ஒரு கவளம் ஊட்டினாள். "ஏமே, அட்த்த வெள்ளிக்கெயமயும் ஊதாதுல்ல?"

பாவம், பயந்துபோயிருக்கிறாள் என்று நினைத்தேன். "கண்டிப்பா ஊதும்க்கா, நீ பேஜாராவாதே," என்று தைரியம் சொன்னேன்.

அக்கா எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டுக் கை கழுவ எழுந்து போனாள். இவ்வளவு நல்ல வார்த்தை சொல்லியும் அன்றைக்கு முழுக்க அவள் ஏன் என்னோடு பேசவில்லை என்று எனக்குப் புரியவே இல்லை.